முதல் பந்தி

இந்த மிட்டாய் ஆட்டத்தில் நீங்கள் எத்தனையாவது லெவல்? அறுநூற்றுப் பன்னிரண்டா? நிறுத்த வேண்டாம், ஆடுங்கள். ஆடுகிறவர்களைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது. பஸ் திருமங்கலம் தாண்டினதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், அந்தப் பச்சை மிட்டாயை நீங்கள் இடது பக்கம் தள்ளியிருக்க வேண்டும். சரி, விடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை எழுதினது யார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? கீழே உள்ள மிட்டாய் உடைந்தால் மேலே உள்ளது விழ வேண்டும் என்று யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தானாக விழாது. விழு என்று எழுதினால்தான் விழும். யோசித்ததில்லை, இல்லையா? யாரும் யோசிப்பதில்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். சிரிக்கலாம், பரவாயில்லை. மதுரையில் காலையிலிருந்து சிரித்தார்கள், பழகிவிட்டது. ஒரு கல்லூரியில் கண்காட்சி. சம்பளத்துக்கு இல்லாமல் ஆசைக்கு கேம் எழுதுகிறவர்களுக்கான போட்டி. எனக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள், கழிவறைக்குப் போகிற வழியில். ஒரு பெண் வந்து, "ஆன்ட்டி, உங்க பையன் எங்கே?" என்றாள். எந்தப் பையன் என்றேன். இந்த கேம் பண்ணவர் என்றாள். பாத்ரூம் போயிருக்கான் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் சாயந்திரம் வரை எனக்கு ஒரு பையன் இருந்தான். வந்தவர்கள் எல்லாம் அவனை ரொம்பப் பாராட்டினார்கள். நடுவர் நாலே நிமிஷம் ஆடினார். பாரம்பரியம், நல்ல முயற்சி என்றார். பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். பங்கேற்காமலா அங்கே ஏழு மணி நேரம் நின்றேன்?

நான் திருநெல்வேலி. பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். மார்ஜின் போடாமல் எழுதினால் எங்கள் சிஸ்டர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் போடுவார். அதனால் எனக்கு ஒழுங்கு வந்தது, இங்கிலீஷும் வந்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இருபத்தேழு வருஷம் சாம்பார் வைத்தேன். என் பெண் ஹரிணி, பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கிறாள். கல்யாணமாகிப் போகிறபோது, பரணில் இருந்த காலேஜ் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடச் சொன்னாள். போடுவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். சும்மாதான் பிரித்தேன். ஒரு வட்டத்தைத் திரையில் நகர்த்துவது எப்படி என்று போட்டிருந்தது. ஒன்றரை மாதம் ஆயிற்று, நகர்ந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் வீட்டுக்காரர், சங்கரலிங்கம், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்தார். "சரி, நகருது. சாப்பாடு ஆச்சா?" என்றார்.

பதினொன்றரைக்குச் சமையல் முடியும். மூன்று மணிக்குக் காபி. நடுவில் இருக்கிற மூன்றரை மணி நேரம் என்னுடையது. நோட்டில் மார்ஜின் போட்டு எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மூன்று வருஷம். ஆட்டத்தின் பெயர் பந்தி. அவ்வளவுதான், பந்தி. ஏழு இலை, ஏழு பேர். நீங்கள் பரிமாற வேண்டும். நுனி இடது பக்கம் இருக்கும்படி இலை போட்டு, உப்பு, ஊறுகாய், பச்சடி, அவியல் என்று வரிசை தப்பாமல் வைத்து, யாருக்கு இரண்டாம் தடவை ரசம் வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்தால் இலையை மடித்துவிட்டு எழுவார்கள். நாற்பது லெவல். முதல் லெவல் கல்யாணப் பந்தி, இரண்டாவது மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு, இப்படியே போய் நாற்பதாவதில் கோயில் அன்னதானம், முந்நூறு பேர். அந்த முந்நூறு பேரையும் வரிசையாக உட்கார வைக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. இதுவரை அதை ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை.

கடையில் போட்டேன், அதாவது போனில் இறக்கிக்கொள்கிற கடை. இருபத்து மூன்று பேர் இறக்கினார்கள். அதில் பத்தொன்பது பேர் சொந்தக்காரர்கள், மறு வாரமே எடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால், "அத்தை, உங்க கேம் சூப்பர்" என்பார்கள். எந்த லெவல் என்று கேட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். தெரியாத ஒரு ஆள், எந்த தேசமோ, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, எதற்காக எல்லோரும் தரையில் உட்கார்ந்து செடியின்மேல் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருந்தான். காலையில் எழுந்ததும் நீங்கள் பால் வந்துவிட்டதா என்று பார்ப்பீர்களே, அதுபோல நான் அந்தக் கணக்கைப் பார்ப்பேன். தினம் ஆடுகிறவர்கள் என்று ஒரு இடம் உண்டு. அதில் ஒன்று என்று நிற்கும். எட்டு மாதம், தினமும் ஒன்று. இப்படி இருந்தால் ஒரு மனுஷி எதை நம்பி அடுத்த வரியை எழுதுவது, சொல்லுங்கள்.

அந்த ஒன்று, எங்கள் மதினி.

இவருடைய அக்காள். பிரமு என்று பெயர். அறுபத்தெட்டு வயது. அவள் இவள் என்கிறேனே என்று பார்க்காதீர்கள், முகத்துக்கு நேரே வாங்க போங்கதான். இருபத்து நாலு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். நான் கல்யாணமாகி வருகிறபோது இருந்தாள், அதற்கப்புறமும் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது பக்கம் இழுத்துக்கொண்டு கட்டிலோடு ஆனாள். வலது கை விளங்கவில்லை. டி.வி. பார்த்தால் தலை வலிக்கும். எந்நேரமும் என்னைக் கூப்பிடாமல் இருக்கட்டும் என்றுதான், உண்மையைச் சொல்கிறேன், பழைய போன் ஒன்றில் என் ஆட்டத்தைப் போட்டு இடது கையில் கொடுத்தேன்.

திரையில் விரலை வைத்தால் ஒரு கை வரும். வாளியிலிருந்து கரண்டியால் எடுத்து வைக்கிற கை. என் கையைப் படம் பிடித்து அதைப் பார்த்து வரைந்தது, சிவப்புக் கண்ணாடி வளையல் நாலு. மதினி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கை யாருது சுகந்தி?"

"உங்களோடதுதான். நீங்கதான பரிமாறுதீங்க."

"எனக்கு ஏது வளையல்" என்றாள். பிறகு, "நான் இடது கையால இழுத்தாலும் அங்கன வலது கைதான் வைக்குது" என்றாள். அப்படித்தான் வைக்கும், இடது கையால் யாராவது பரிமாறுவார்களா, அதற்காகத்தானே வலது கை வரைந்தேன் என்றேன். பாராட்டுகிறாளா குறை சொல்கிறாளா என்று அவளிடம் ஒருநாளும் தெரியாது.

ஆனால் ஆடினாள். நான் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருப்பேன், அங்கே சோறு வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எரிச்சல் என்னவென்றால், முதல் பந்தியைத் தாண்டவே மாட்டாள். நாற்பது லெவல் எழுதி வைத்திருக்கிறேன், அவள் அந்தக் கல்யாணப் பந்தியையே காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. ஒரு ஆளுக்கு அவியல் வைக்கப் பத்து நிமிஷம். இரண்டாவது ஆளுக்கு நெய் பற்றவில்லை என்று திரும்பி வருவாள். அந்த ஏழு பேருக்கும் பெயர் வைத்திருந்தாள். மூன்றாவது இலையில் இருக்கிற குண்டு மனிதர் வீரவநல்லூர்ப் பெரியப்பாவாம், அவருக்கு அப்பளம் இரண்டு. அடுத்த லெவலுக்குப் போங்க மதினி, சொதி வருது என்பேன். இவங்க எந்திக்கட்டும் என்பாள். அவர்கள் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

குறையும் சொல்லுவாள். பாயசம் ஊற்றின பிறகு அப்பளம் ஏன் வருகிறது, மோர் வாளி ஏன் இவ்வளவு சிறிசு. எல்லாவற்றையும் திருத்தினேன், ஒன்றைத் தவிர. "நல்ல வீட்டுல இலையை அந்தப் பக்கமா மடிக்காவளே, சுகந்தி" என்றாள். கல்யாண வீட்டில் இலையை நம்மைப் பார்த்து மடிப்போம், துக்க வீட்டில்தான் வெளிப்பக்கம் தள்ளி மடிப்பது, உங்களுக்குத் தெரியாததா. கூட்டல் குறி வர வேண்டிய இடத்தில் நான் கழித்தல் போட்டிருக்கிறேன், அதனால் இலை அந்தப் பக்கமாக மடிந்துவிட்டது. ஒரே ஒரு குறி. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நாற்பதாவது லெவலில் அப்போது எனக்குத் தலைக்குமேல் வேலை.

ஒருநாள் மத்தியானம் ஆடிக்கொண்டே சொன்னாள். "கல்யாண வீட்டுல எனக்கு இலை போடாத ஆளு இல்ல சுகந்தி. என்னையப் பரிமாற விட்ட ஆளுதான் இல்ல."

ம் என்றேன். எங்கேயோ ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் ஆட்டமே ஓடாமல் நின்றிருந்தது, அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்து வழக்கம், நானா ஏற்படுத்தினேன்? எந்தக் கல்யாணம் என்றாலும் பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு மூட்டை வெங்காயம் உரிப்பாள், பந்திப் பக்கம் வரமாட்டாள். ஹரிணி கல்யாணத்தில் மட்டும், என்ன தோன்றியதோ, ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். முதல் பந்தி, சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்தான் ஓடிப்போய் வாளியை வாங்கிக்கொண்டேன். கத்தவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "நீங்க ஏன் மதினி கஷ்டப்படுதீங்க, நிம்மதியா உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. பெண்ணைப் பெற்றவளுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

சரி, போட்டிக்கு வருகிறேன். இந்த மதுரைப் போட்டியைப் பற்றி ஹரிணிதான் அனுப்பினாள். அனுப்பியதோடு நிற்கவில்லை, போனும் பண்ணினாள். வழக்கமாக என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், க்யூட்டா இருக்கும்மா என்பாள். நாய்க்குட்டியைச் சொல்வதுபோல. அன்றைக்குப் பத்து நிமிஷம் பேசினாள். என் ஆட்டத்தைப் பற்றி மட்டும், முழுதாகப் பத்து நிமிஷம். "அம்மா, டைமர் வை. டைமர் இல்லன்னா அது கேமே இல்ல. அந்தக் கையை எடுத்துரு, பழைய காலண்டர் படம் மாதிரி இருக்கு. கரண்டி மட்டும் போதும்." நான் நோட்டில் மார்ஜின் போட்டுக் குறித்துக்கொண்டேன்.

மூன்று நாளில் மாற்றினேன். ஒரு இலைக்கு எட்டு விநாடி. அதற்குள் வைக்காவிட்டால் அந்த ஆள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார், போகும்போது செம்பு உருளுகிற சத்தம். நன்றாக வந்தது, விறுவிறுப்பாக இருந்தது. கடையில் போட்டேன், வீட்டில் இருக்கிற எல்லாப் போனிலும் மாற்றினேன். மதினி போனிலும் நான்தான் மாற்றினேன், சின்ன ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

பக்கத்து அறையிலிருந்து செம்பு உருண்டது. மறுபடியும் உருண்டது. ஏழு தடவை உருண்டு முடிந்த பிறகு கூப்பிட்டாள்.

"எல்லாரும் எந்திச்சுப் போறாவளே சுகந்தி."

சீக்கிரம் வைக்க வேண்டும், பழகினால் வந்துவிடும் என்றேன். கட்டிலில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால், எட்டு விநாடியில் வராது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் வலது கையால்தானே சோதித்துப் பார்த்தேன்.

மறுநாள், "கையைக் காணோமே" என்றாள். எடுத்துவிட்டேன் என்றேன்.

மூன்றாம் நாள்தான் கேட்டாள். அவள் என்னிடம் எதுவும் கேட்கிறவள் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். மாத்திரை தீர்ந்தால்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொல்லுவாள். "அந்தப் பழைய பந்தியைத் திருப்பிப் போட முடியுமா?" என்றாள். முடியும். பழையது அப்படியே கம்ப்யூட்டரில் இருந்தது, பத்து நிமிஷ வேலை. ஆனால் போட்டிக்கு அனுப்ப இருபத்தைந்து நாள்தான் இருந்தது. இரண்டு விதமாக வைத்துக்கொண்டால் எனக்குக் குழம்பும். போட்டி முடியட்டும் மதினி என்றேன். அதோடு விட்டிருக்கலாம்.

"அந்த ஒரு பந்தியவே எத்தனை நாளைக்குத்தான் பரிமாறுவீங்க?" என்றேன்.

போனைத் தலைமாட்டில் வைத்தாள். "இனி கேக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் கணக்கைப் பார்த்தேன். தினம் ஆடுகிறவர்கள், சைபர். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. இவ்வளவு மாற்றி, இவ்வளவு விறுவிறுப்பாகச் செய்து கொடுத்தும் இருந்த ஒருத்தரும் போய்விட்டாரே, இந்த ஜனங்களுக்கு என்னதான் வேண்டும் என்று இவரிடம் கத்தினேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு அக்காளைப் பார்க்க உள்ளே போனார். ஒரு வாரம் சைபராகவே நின்றது. ஒரு வாரமும் காலையில் கத்தினேன். அந்த ஒன்று யார் என்பது எனக்குத் தெரியும், எட்டு மாதமாகத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாரம் தோன்றவில்லை பாருங்கள். வெளியில் எங்கேயோ இருக்கிற ஒருத்தர் என்றே மனது நினைத்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள், நான் கத்தினது எல்லாம் கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை காலையில் காபி கொண்டுபோனேன். போயிருந்தாள். பக்கவாதம் இரண்டாவது தடவை வந்திருக்கிறது என்றார் டாக்டர், தூக்கத்திலேயே. போன் தலைமாட்டில் அதே இடத்தில் இருந்தது, சார்ஜ் இறங்கி.

இல்லை, நான் அழவில்லை. ஏ.சி. காற்று நேரே கண்ணில் அடிக்கிறது, அந்த மூடியைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். நன்றி.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எண்பது பேர் வந்தார்கள். நல்ல சாப்பாடு. யாரும் யாரிடமும் பேசாமல் சாப்பிட்டார்கள். முடித்துவிட்டு ஒவ்வொருத்தராக இலையை மடித்தார்கள், வெளிப்பக்கமாக. வரிசையாக எல்லா இலையும் அந்தப் பக்கம் மடிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதமாக அவளுடைய கல்யாணப் பந்தியில் எல்லோரும் இப்படித்தான் மடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரே ஒரு குறி.

வந்தவர்கள் கிளம்பிய கையோடு உட்கார்ந்தேன். போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள் இரண்டு நாள் கழித்துத்தான். டைமரை எடுத்தேன். குறியை மாற்றினேன், இப்போது இலை நம் பக்கமாகத்தான் மடிகிறது. கையைத் திரும்ப வைத்தேன், வளையலோடு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஹரிணி பார்த்துவிட்டு, "என்னம்மா, திரும்பப் பழையபடியே பண்ணிட்ட" என்றாள். ஆமா என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். முதல் பந்தியில் எட்டாவதாக ஒரு இலை போட்டேன். அதில் மதினியை உட்கார வைத்தேன். இரண்டு நாளும் அந்த முகத்தைத்தான் வரைந்தேன், அந்த மூக்கு சரியாக வந்திருக்கிறது. காலம் முழுவதும் பின்கட்டில் வெங்காயம் உரித்தவள், இங்கேயாவது முதல் பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று. அவளுக்காக நான் வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அதில்தான் ஒரு கோளாறு. இன்றைக்கு அந்த நடுவர்கூட அதைத்தான் சொன்னார், ஆட்டம் நின்றுவிடுகிறது, முடியமாட்டேன் என்கிறது என்று. ஏழு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். எட்டாவது இலையில் மட்டும் எதை வைத்தாலும் குறையவில்லை. வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது. அவள் எழுந்தால்தானே பந்தி முடியும்? மற்றவர்கள் எல்லாம் இலையைப் பார்க்கிறார்கள், அப்படித்தான் எழுதினேன். அவள் கண் மட்டும் வாளியோடு போய் வருகிறது. மூன்று வாரமாக ஒவ்வொரு வரியாகத் தேடுகிறேன். முதலில் ஏழு பேருக்கு என்று எழுதின இடத்தில் எங்கேயோ எட்டாவதைச் சேர்க்க விட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது, ஆனால் பிடிபடவில்லை.

கோவில்பட்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, நீங்கள் அங்கேதானே இறங்க வேண்டும்? இந்தாருங்கள், என் போன். மிட்டாய் எங்கும் போய்விடாது. விரலை இங்கே வையுங்கள், கை வரும், அது உங்கள் கைதான். உப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அவசரமே இல்லை, இப்போது யாரும் எழுந்து போகமாட்டார்கள். அந்தக் கடைசி இலைக்கு வருகிறபோது மட்டும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், எங்கே தப்பு என்று உங்களுக்காவது தெரிகிறதா என்று. எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.